பிரம்பு எடுக்காத முதலாளி

பி.காம். படித்தவர்களுக்கு ராபர்ட் ஓவன் பெயர் ஞாபகம் இருக்கும். பணியாளர் நிர்வாகத்தின் தந்தை என்று எழுதினால் மார்க் கிடைக்கும். பரீட்சை முடிந்ததும் நானும் மறந்துவிட்டேன். வேலைக்குத் தாமதமாக வரும் ஹவுஸ்கீப்பிங் ஆட்களின் பெயரை நோட்டீஸ் போர்டில் போடலாமா என்று நம் வாட்ஸ்அப் குழுவில் விவாதம் ஓடியபோதுதான் மறுபடி நினைவுக்கு வந்தார்.

1771இல் வேல்ஸ் நாட்டின் நியூடவுனில் பிறந்தவர். பத்து வயதோடு பள்ளிக்கூடம் முடிந்தது, பிறகு துணிக்கடை வேலை. இருபதைத் தாண்டியதும் மான்செஸ்டரில் ஒரு நூற்பாலைக்கு மேலாளர். 1799இல் ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் ஆலையைக் கூட்டாளிகளோடு சேர்ந்து வாங்கினார். விற்றவர் டேவிட் டேல். அதே வருடம் அவர் மகளையே மணந்துகொண்டார்.

ஆலையில் திருட்டும் குடியும் அதிகம். அந்தக் காலத்து ஆலைகளில் அடி சாதாரணம். ஓவன் அதை ஒழித்தார். ஒவ்வொருவர் அருகிலும் நான்கு பக்க மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டார். கருப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை என்று பக்கத்துக்கு ஒரு நிறம். நேற்றைய வேலை மோசம் என்றால் கருப்பு முன்னால் தெரியும், அருமை என்றால் வெள்ளை. ஓவன் அந்த வழியாக நடப்பார், கட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், ஒன்றும் பேசமாட்டார். சில வீடுகளில் அப்பாக்கள் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வைப்பார்களே, அதுபோல. இதுவும் ஒருவகை நோட்டீஸ் போர்டுதான், மறுக்கவில்லை. ஆனால் மேற்பார்வையாளர் போட்ட நிறம் தவறென்று தோன்றினால் நேராக ஓவனிடமே முறையிடலாம். கருப்பு நாளைக்கே வெள்ளையாகவும் மாறலாம்.

கட்டையால் மட்டும் அவரை யாரும் நம்பவில்லை. அமெரிக்கா ஏற்றுமதியைத் தடுத்ததால் பஞ்சு விலை எகிறி, ஆலை நான்கு மாதம் நின்றது. இயந்திரங்களைத் துடைத்துவைக்கச் சொல்லி அத்தனை பேருக்கும் முழுச் சம்பளம் கொடுத்தார். அதன்பிறகுதான் மனசு மாறினார்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு எடுப்பதில்லை என்று வைத்தார். 1816இல் திறந்த கல்விக்கூடத்தில் ஆசிரியர்கள் பிள்ளைகளை அடிக்கவோ திட்டவோ கூடாது.

எல்லாம் சரி, ஒரு குறை உண்டு. தொழிலாளிக்கு எது நல்லது என்பதை அவரே முடிவு செய்தார். வீடு சுத்தமாக இருக்கிறதா என்று ஆள்விட்டுப் பார்க்கவைத்தார், பெண்களுக்கு அது பிடிக்கவில்லை. யாருக்குப் பிடிக்கும்? நம் பிளாட்டில் அசோசியேஷன் வந்து சமையலறையை எட்டிப் பார்த்தால் விடுவோமா? பெரியவர்களைப் பிள்ளைகளாகவே நடத்தினால் இப்படித்தான் ஆகும்.

பிறகு அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் நியூ ஹார்மனி என்ற பொதுவுடைமைக் குடியிருப்பைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு கருத்து, ஓயாத சச்சரவு. மூன்று வருடம்கூடத் தாங்கவில்லை, சொத்தில் பெரும்பகுதி போயிற்று. 1858இல் பிறந்த ஊருக்கே திரும்பி அங்கேயே இறந்தார்.

போர்டு விஷயம் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் வருகிறது. அந்த ஆட்களில் ஒருவரையாவது கூப்பிட்டு உட்காரவைத்து, காலையில் எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று முதலில் கேட்போம் எனச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.