சிறுமலரை வளர்த்த தாய்

சிறுமலர் தெரேசம்மாளின் படம் இல்லாத கத்தோலிக்க இல்லம் நம் பங்கில் அரிது. பாடுபட்ட சுரூபத்தையும் ரோஜா மலர்களையும் ஏந்தி நிற்கும் அப்புனிதையை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் அவரைப் பெற்று, நாலரை வயது வரை வளர்த்து, பின் மறைந்துபோன தாயை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? யூபிலி மலருக்குக் குடும்பங்களுக்கென ஏதேனும் எழுத வேண்டுமென விழாக் குழுவினர் கேட்டபோது, அத்தாயின் வரலாறே நம் நினைவுக்கு வந்தது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு இருக்கிறது, கன்னியர் நடத்தும் பள்ளி இருக்கிறது, இனி வீட்டில் நாம் கற்பிக்க என்ன இருக்கிறது என்று எண்ணும் பெற்றோர் பெருகிவரும் காலமல்லவா இது?

செலி குவெரின் 1831ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் பிறந்தார். தந்தை படைவீரராயிருந்து, பின் காவற்படையில் பணிபுரிந்தவர். தாய் பக்தியுள்ளவர், ஆனால் கண்டிப்பு மிகுந்தவர். விளையாட ஒரு பொம்மைகூடச் சிறுமி செலிக்குக் கிடைத்ததில்லை. தம் இளமைப் பருவம் துயரம் நிறைந்தது என்று பின்னாளில் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அன்பைக் காணாமல் வளர்ந்தவர் தம் பிள்ளைகளையும் அவ்வாறே வளர்ப்பதை நாம் பல வீடுகளில் காண்கிறோம். செலி அம்மையாரோ அதற்கு நேர்மாறாக வளர்த்தார்.

கன்னியர் ஆக விரும்பி, அலென்சோன் நகர மருத்துவமனையில் தொண்டாற்றிய புனித வின்சென்ட் தே பவுல் சபைக் கன்னியரை அணுகினார். மடத்தலைவி ஏற்கவில்லை. 1851 டிசம்பர் 8, மாதாவின் அமல உற்பவத் திருநாளன்று, லேஸ் பின்னலைத் தொழிலாகக் கொள்ளுமாறு உள்ளத்தில் ஒரு குரல் கேட்டதாக உணர்ந்தார். அலென்சோன் லேஸ் ஊசியால் மட்டும் செய்யப்படுவது. ஒவ்வொரு கட்டத்தையும் அதில் தேர்ந்த ஒருத்தி செய்வாள். அவ்வாறு துண்டு துண்டாக வருவதை, இணைத்த இடம் கண்ணுக்குத் தெரியாதபடி ஒன்றுசேர்ப்பதே எல்லாவற்றிலும் கடினம். அந்த வேலையைச் செலி அம்மையார் தம் கையாலேயே செய்தார். வியாழக்கிழமைதோறும் பெண்கள் முடித்த வேலையைக் கொண்டுவந்து கொடுத்து, புது வேலை பெற்றுச் செல்வர். தொழில் வளர்ந்தது.

1858 ஜூலை 13ஆம் நாள் நள்ளிரவில், அலென்சோன் மாதா ஆலயத்தில், கடிகாரம் பழுதுபார்க்கும் லூயி மார்ட்டினை மணந்தார். ஞாயிற்றுக்கிழமையில் கடை திறக்க மறுத்தவர் அவர். 1870இல் மனைவியின் தொழிலுக்குத் துணைநிற்க வேண்டித் தம் கடையையே விற்றுவிட்டார். அவர்களுக்கு ஒன்பது பிள்ளைகள் பிறந்தனர். மூவர் கைக்குழந்தைகளாகவே இறந்தனர். எலேன் ஐந்து வயதில் மாண்டாள். எஞ்சியவர் மரி, பவுலின், லெயோனி, செலின், தெரேசா என்னும் ஐந்து பெண்கள். கடைசிக் குழந்தை தெரேசா பிறந்தது 1873 ஜனவரி 2ஆம் நாள்.

இனி அவ்வீட்டின் கல்வியைக் காண்போம். செலி அம்மையார் பள்ளிக்கு எதிரானவர் அல்லர். மூத்தவர் இருவரையும் லெ மான் நகரில், தம் அக்காள் கன்னியராக இருந்த விசிட்டேஷன் சபை விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார். ஆனால் பள்ளிக்கு முந்திய கல்வியை அவர் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அதற்கென்று தனி நேரமும் வைக்கவில்லை. தொழில் நடத்தும் பெண்ணுக்கு நேரம் ஏது? விடியற்காலைத் திருப்பலிக்குச் சென்று வருவார். பிள்ளைகளை எழுப்பும்போதே அவர்களுடன் ஜெபம் சொல்வார். ஜெபம் சொல்லும்படி ஏவுவது வேறு, உடனிருந்து சொல்வது வேறு.

அவர் எழுதிய கடிதங்களில் இருநூறுக்கு மேல் இன்றும் உள்ளன. அவற்றில் லேஸ் விற்பனை, பிள்ளைகளின் இருமல், வேலைக்காரி, சமையல் எல்லாம் கலந்தே வரும். தெரேசா மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று அம்மாவை அழைப்பாளாம். மறுமொழி வராவிட்டால் அடுத்த படியில் கால் வைக்க மாட்டாளாம். கையில் நுட்பமான வேலை இருக்கும்போது ஒவ்வொரு படிக்கும் பதில் சொல்வது எளிதல்ல. ஆயினும் அத்தாய் சொன்னார். விண்ணகம் செல்ல வேண்டுமானால் முதலில் இறக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததைக் கேட்ட குழந்தை, அன்பு மேலிட்டு, அம்மா விரைவில் சாக வேண்டுமென்று கட்டிப்பிடித்துக் கொஞ்சியது. தாய் அதைக் கண்டு வருந்தாமல் கடிதத்தில் எழுதி மகிழ்ந்தார்.

குளிர்காலத்தில் ஒரு நாள் உலாவச் சென்றபோது ஓர் ஏழை முதியவரைக் கண்டனர். பிச்சைக் காசைத் தாம் கொடுக்காமல் சிறுமி தெரேசாவின் கையில் கொடுத்து அனுப்பினார். முதியவர் நன்றி கூறிய விதத்திலிருந்தே அவருடைய வறுமையை உணர்ந்து, வீட்டுக்கு அழைத்துச் சென்று உணவும் காலணியும் கொடுத்தார். பிறரன்பு என்னும் பாடம் அன்று அவ்வாறு நடந்தேறியது.

1875இல் மூத்தவள் மரி படிப்பை முடித்து வீடு திரும்பி, செலினுக்கு ஆசிரியை ஆனாள். அக்காளைப் பிரிய மனமில்லாத தெரேசாவும் பாடவேளையில் நாற்காலியில் வந்து அமர்வாள். பேசக் கூடாது என்பது நிபந்தனை. கோக்க மணிகளோ தைக்க ஒரு துணித்துண்டோ கொடுப்பார்கள். ஊசியிலிருந்து நூல் கழன்றுவிட்டால் கோக்கத் தெரியாது, பேசவும் கூடாது, கண்ணீர் மட்டும் உருண்டோடும். மரி கண்டு நூல் கோத்துக் கொடுப்பாள். சிறு தியாகம் செய்யும்போதெல்லாம் ஒரு மணியைத் தள்ளி எண்ணுவதற்கு ஒரு மணிமாலையையும் மரி கொடுத்தாள். குழந்தை அடிக்கடி சட்டைப்பைக்குள் கைவிட்டு மணி தள்ளுவதைத் தாய் கவனித்திருக்கிறார். இத்தகைய கணக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்றதா என்பது நமக்கு ஐயமே. தெரேசாவே பின்னாளில் மனச்சஞ்சலத்தால் துன்புற்றவர்.

அந்த வீட்டிலும் எல்லாம் இனிதே நடந்துவிடவில்லை. நடு மகள் லெயோனி நோயாளி, பிடிவாதக்காரி, படிப்பு ஏறாதவள். விடுதிப் பள்ளி அவளை இருமுறை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. அன்பாலும் கண்டிப்பாலும் முயன்று பார்த்த தாய், இப்பிள்ளையைத் தம்மால் வளர்க்க இயலவில்லை என்று மனம் சோர்ந்தார். 1877 மார்ச் மாதத்தில்தான் உண்மை வெளிவந்தது. வேலைக்காரி தாய்க்குத் தெரியாமல் லெயோனியை அச்சுறுத்தித் தனக்கு மட்டுமே கீழ்ப்படியச் செய்திருந்தாள். இதை மரி கண்டுபிடித்தாள். பிள்ளைகளோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, ஒவ்வொருத்தியின் உள்ளத்தையும் உற்றுநோக்கிய தாயின் கண்ணுக்கே இது ஆண்டுக்கணக்கில் தப்பியது. அதன்பின் லெயோனி தாயின் பக்கத்தை விட்டு அகலவில்லை. ஆனால் தாய்க்கு எஞ்சியிருந்தவை சில மாதங்களே.

மார்பில் இருந்த கட்டி புற்றுநோய் என்பது 1876இன் இறுதியில் உறுதியாயிற்று. 1877 ஜூனில் மூத்த மகள்கள் மூவருடன் லூர்து நகருக்குத் திருப்பயணம் சென்றார். குணமாகவில்லை. கடைசி வாரங்களில் செலினும் தெரேசாவும் பகல் நேரத்தில் ஓர் உறவினர் இல்லத்தில் விடப்பட்டனர். ஒரு நாள் காலை ஜெபம் சொல்ல நேரமின்றி வந்துவிட்டனர். செலின் அதைச் சொன்னபோது அவ்வம்மையார் இருவரையும் ஒரு பெரிய அறையில் விட்டு, சொல்லிக்கொள்ளும்படி கூறிச் சென்றுவிட்டார். அம்மா அப்படியல்ல, எப்போதும் நம்முடன் சேர்ந்து சொல்வார் என்று எட்டு வயதுச் செலின் தங்கையிடம் கூறியதைத் தெரேசம்மாள் தம் வரலாற்றில் நினைவுகூர்கிறார். அங்கே செலினுக்கு ஒரு நல்ல ஆப்ரிகாட் பழம் கிடைத்தது. இருவரும் உண்ணாமல் அம்மாவுக்கென்று எடுத்துச் சென்றனர். அதை உண்ணும் நிலையில் அவர் இல்லை. ஆகஸ்டு 28ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவருக்கு வயது 45.

அடக்கம் முடிந்ததும் செலின் மரியையும், தெரேசா பவுலினையும் தாயாகத் தேர்ந்துகொண்டனர். நவம்பரில் குடும்பம் லிசியூ நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தெரேசாவின் கல்வி பவுலினின் பொறுப்பாயிற்று; எழுத்துப் பயிற்சி மட்டும் மரியிடம். காலையில் பாடம், நண்பகலுக்குப் பின் தந்தையுடன் உலா, வழியில் ஏதேனும் ஓர் ஆலயத்தில் தேவநற்கருணை சந்திப்பு. விண்ணகத்தில் எல்லாருக்கும் சமமான மகிமை இல்லையென்றால் சிலர் வருந்த மாட்டார்களா என்று சிறுமி கலங்கியபோது, தந்தையின் பெரிய குவளையையும் தெரேசாவின் சிறிய தையல் விரலுறையையும் கொண்டுவரச் செய்து, இரண்டிலும் நீர் நிரப்பி, எது அதிகம் நிறைந்தது என்று பவுலின் வினவினாள். நாம் குருமடத்தில் பல பக்கங்களில் படித்த பாடம் இது! இருளுக்கு அஞ்சிய பிள்ளையை இரவில் தனியே அறைக்கு அனுப்பிப் பொருள் எடுத்துவரச் செய்து அச்சத்தைப் போக்கினாள். ஒருமுறை சொன்ன முடிவை மாற்றுவதில்லை. பவுலினுக்கு அப்போது வயது பதினாறு, பதினேழு. யாரிடம் கற்றாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

1881 அக்டோபரில் தெரேசா பெனடிக்டைன் கன்னியர் பள்ளியில் சேர்ந்தபோது, தன்னைவிட மூத்த மாணவியர் வகுப்பில் அமரும் தகுதி பெற்றிருந்தாள். கணக்கிலும் எழுத்துப்பிழையின்றி எழுதுவதிலும் மட்டும் பின்தங்கினாள். தோழியரோடு பழகவும் அவளுக்கு வரவில்லை. பள்ளிக் காலமே தம் வாழ்வின் மிகத் துயரமான காலம் என்று எழுதியிருக்கிறார். வீட்டுக் கல்வி தராத ஒன்று இது, மறைப்பதற்கில்லை. 1886இல் பள்ளியிலிருந்து நிறுத்தித் தனி ஆசிரியையிடம் பயில வைத்தனர். 1888இல் அவர் கார்மேல் மடம் புகுந்ததும், 1897இல் இருபத்துநான்கு வயதில் இறந்ததும், 1925இல் புனிதையானதும் நம் மக்கள் அறிந்தவையே. பெற்றோர் லூயியும் செலியும் 2015 அக்டோபர் 18ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசால் ஒன்றாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பெற்றனர்.

லெயோனி மும்முறை மடம் புகுந்து மும்முறையும் வீடு திரும்பினாள். 1899இல் நான்காம் முறையாகக் கான் நகர் விசிட்டேஷன் மடத்துக் கதவைத் தட்டினாள். இம்முறை திரும்பவில்லை. 1941இல், எழுபத்தெட்டாம் வயதில், அங்கேயே கன்னியராக இறந்தார். அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்துவதற்கான விசாரணை, பெற்றோர் புனிதராக அறிவிக்கப்பட்ட அதே 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.