காஷ்மீர் கண்ட கோபாலஸ்வாமி ஐயங்கார்

2019 ஆகஸ்டில் 370-வது ஷரத்து செயலிழந்தபோது எங்கும் அதே பேச்சுதான். ஆனால் அதை அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்தவர் ஒரு தஞ்சை ஜில்லாக்காரர் என்பதை நம்மவர்களே அதிகம் நினைத்துப் பார்க்கவில்லை. அவர்தான் ஸர் என். கோபாலஸ்வாமி ஐயங்கார்.

1882-ல் பிறந்தவர். சென்னை பிரஸிடென்ஸி காலேஜிலும் லா காலேஜிலும் படித்து, 1905-ல் டெபுடி கலெக்டரானார். படிப்படியாக உயர்ந்து, 1937-ல் மகாராஜா ஹரி சிங்கின் பிரதம மந்திரியாக ஸ்ரீநகர் சென்றார். 1943 வரை அங்கே இருந்தார். பொறுப்பாட்சி கோரிய ஷேக் அப்துல்லா 1938-ல் சிறை சென்றது இவருடைய நிர்வாகத்தில்தான்!

பத்து வருஷம் கழித்து அதே இருவரும் ஒரே தூதுக்குழுவில் அமெரிக்கா போனார்கள். பழங்குடிப் படையெடுப்பைப் பற்றி ஐ.நா.வில் இந்தியா கொடுத்த புகாரை 1948 ஜனவரியில் பாதுகாப்புச் சபையில் எடுத்துரைத்தவர் ஐயங்கார். படையெடுத்தவர்கள் வெளியேறி அமைதி திரும்பியதும் இணைப்பைப் பற்றி ஜனங்களையே கேட்போம் என்பது இந்தியாவின் வாக்குறுதி. பாகிஸ்தான் தரப்பில் ஜஃப்ருல்லா கான் மணிக்கணக்கில் பேசினார். இவர் ஃபைல் பார்த்துப் பழகியவர். அவரோ வாதாடிப் பழகியவர். சபை அந்த மாதமே விவகாரத்தின் தலைப்பை ‘இந்தியா-பாகிஸ்தான் பிரச்னை’ என்று மாற்றிவிட்டது. புகார் கொடுத்தவரும் பிரதிவாதியும் ஒரே தட்டில்! பிப்ரவரியில் ஒத்திவைப்புக் கேட்டு டில்லி திரும்பினார் ஐயங்கார். ஏப்ரல் 21-ல் நிறைவேறிய தீர்மானம் வாக்கெடுப்பை ஏற்றது. அதன் நிபந்தனைகளை இந்தியா ஏற்கவில்லை.

உள்நாட்டிலும் சிக்கல்தான். காஷ்மீர் விஷயத்தில் நேரு இவரை முன்னிறுத்தியதால் 1947 டிசம்பரிலேயே படேலுக்கு மனத்தாங்கல். ஆனால் 1949 அக்டோபரில், நேரு வெளிநாட்டில் இருந்த சமயம், 306-ஏ என்ற அந்த ஷரத்தைக் கட்சிக்குள் கரை சேர்த்தவர் படேலே. கடைசி நேர வார்த்தை மாற்றத்தால் அப்துல்லா கோபம் கொண்டார். இந்த ஒரு சமஸ்தானத்துக்கு மட்டும் ஏன் பாரபட்சம் என்று சபையில் ஹஸ்ரத் மொஹானி கேட்டார். யுத்தம் ஓய்ந்தது இப்போதுதான், ஒரு பகுதி எதிரி கையில், ஐ.நா. விவகாரமும் முடியவில்லை, ஆகவே இது இடைக்கால ஏற்பாடு என்பது ஐயங்காரின் விளக்கம். அதை அவர் இறுதித் தீர்வாக நினைத்ததாகத் தெரியவில்லை. வாக்குறுதி நிலுவையில் இருக்கும்வரை கதவைத் திறந்து வைத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ரயில்வே மந்திரியாக அவர் இருந்தபோதுதான் 1951-52-ல் ரயில்வே ஆறு மண்டலங்களாயிற்று. அது தனிக்கட்டுரைக்குரிய விஷயம்.

1952-ல் பாதுகாப்பு மந்திரியாகி, எழுபது வயதில் ஜெனீவாவுக்குப் போய் மறுபடி ஜஃப்ருல்லா கானுடன் பேச்சுவார்த்தை நடத்தினார். வாக்கெடுப்புக்கு முன் எந்தத் தரப்பில் எத்தனை துருப்புகள் இருக்கலாம் என்பதிலேயே பேச்சு முறிந்தது. 1953 பிப்ரவரி 10-ல், பதவியில் இருக்கும்போதே, சென்னையில் காலமானார். அதே வருஷம் ஆகஸ்டில் ஷேக் அப்துல்லா பதவி நீக்கப்பட்டு மீண்டும் சிறை சென்றார். வாக்கெடுப்பு நடக்கவே இல்லை.