இருளுக்குக் கறுப்பு வேண்டாம்: ஓவியர் டேர்னரின் கதை

நான் சித்திர ஆசிரியர். நீர்வர்ணம் பழக்கத் தொடங்கும் நாளில், பிள்ளைகளின் வர்ணப்பெட்டியில் இருக்கும் கறுப்பைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிடுவேன். நீலத்தோடு செம்மண் நிறத்தைக் கலந்தால் ஆழ்ந்த சாம்பல் கிடைக்கும். தண்ணீராய்ப் பூசினால் அதனூடாகத் தாளின் வெண்மை தெரியும். கறுப்பை அப்பினால் அந்த வெளிச்சம் போய்விடும். இதைச் சொல்லும்போதெல்லாம் ஆங்கிலேய ஓவியர் டேர்னர் என் நினைவுக்கு வருவார்.

1775 இல் லண்டனில், முடிதிருத்துநர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். ஒரே தங்கையைச் சிறுவயதிலேயே இழந்தார். தாய் மனநோயுற்று, 1800 இல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1804 இல் இறந்துபோனார்.

14 வயதில் ரோயல் அக்கடமியின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவர் மன்றோவின் வீட்டில் மாலை வேளைகளில் வேலை செய்தார். நண்பர் தோமஸ் கேர்ட்டின் கோடுகளை வரைவார். டேர்னர் அவற்றின்மேல் வர்ணம் பூசுவார். ஓர் இரவுக்கு மூன்றரை சிலிங் கூலி. நிறங்களை அளந்து கலக்க அவர் கை பழகியது அங்கேதான்.

வளர்ந்தபின் தாளை நன்றாக நனைத்து, ஈரத்திலேயே நிறங்களை ஒன்றோடொன்று கலக்கவிட்டார். வெளிச்சம் வேண்டிய இடத்தில் நகத்தால் சுரண்டி வெண்மையை வெளியே கொண்டுவந்தார். 1818 இல் ஒரு பெரிய போர்க்கப்பலை ஒரே காலைப்பொழுதில் அப்படித் தீட்டி முடித்தார்.

அதற்கு முந்தைய ஆண்டு அவர் வாட்டர்லூ போர்க்களத்துக்குப் போயிருந்தார். 1815 இல் நெப்போலியனை அவருடைய நாடு வென்ற இடம் அது. ஊரெல்லாம் வெற்றியைக் கொண்டாடியது. டேர்னர் அந்தக் களத்தை நீர்வர்ணத்திலும், பின்னர் பெரிய தைலவர்ண ஓவியமாகவும் தீட்டினார். தைலவர்ண ஓவியத்தில் தளபதி இல்லை, வெற்றிக்கொடியும் இல்லை. இரவு. இரு தரப்பினரின் உடல்களும் பிரித்தறிய முடியாதபடி குவிந்து கிடக்கின்றன. பந்த வெளிச்சத்தில் பெண்கள் குனிந்து தங்களுடையவர்களைத் தேடுகிறார்கள்.

டேர்னர் 1851 இல் இறந்தார். ஆயிரக்கணக்கான நீர்வர்ணங்களும் வரைபுகளும் நாட்டின் சொத்தாயின.

வாட்டர்லூ படத்தை வகுப்பில் காட்டும்போது நிறங்களைப் பற்றி மட்டுமே பேசுவேன். அந்தப் பெண்கள் யாரைத் தேடுகிறார்கள் என்று எங்கள் பிள்ளைகள் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை.