வெள்ளிநாக்கு சீனிவாச சாஸ்திரியார்

வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் ஓர் ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தார். கல்வியால் உயர்ந்து, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியரானார். 1907இல் அப்பணியைத் துறந்து, கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். அவரது ஆங்கிலப் பேச்சாற்றலைக் கண்டு வியந்தோர் அவரை 'வெள்ளிநாக்குப் பேச்சாளர்' என அழைத்தனர்.

முதல் உலகப் போருக்குப் பின் உலக நாடுகளின் சங்கம் தோன்றியது. இன்றைய ஐக்கிய நாடுகள் சபைக்கு அதுவே முன்னோடியாகும். இந்தியா அப்போது பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தும் அதில் உறுப்பு நாடாக இருந்தது. 1921இல் இந்தியாவின் பேராளர்களுள் ஒருவராகச் சாஸ்திரியார் ஜெனீவா சென்றார். போரில் தோற்ற ஜெர்மனியின் குடியேற்ற நாடுகள் அச்சமயம் பிரிட்டன், தென்னாப்பிரிக்கா முதலிய நாடுகளின் பொறுப்பில் விடப்பட்டிருந்தன. அங்கு வாழும் மக்களிடையே இனப்பாகுபாடு காட்டலாகாது என அவர் அவையில் வாதிட்டார். தம் நாடே விடுதலை பெறாத நிலையில், பிறர் ஆட்சியில் வாழ்ந்த மக்களுக்காக அவர் குரல் கொடுத்தார்.

1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாகப் பணியாற்றினார். அவரது முயற்சியால் டர்பன் நகரில் இந்திய மாணவர்களுக்கென உருவான கல்விக்கூடம் 'சாஸ்திரி கல்லூரி' எனப் பெயர் பெற்றது.

1936ஆம் ஆண்டின் இறுதியில் அவர் மலாயா வந்தார். பேராக் முதலிய மாநிலங்களின் ரப்பர் தோட்டங்களில் தமிழர் பலர் அப்போது பால்மரம் சீவி வாழ்ந்தனர். உலகப் பொருளாதார மந்தத்தால் அவர்களது கூலி வெகுவாகக் குறைக்கப்பட்டிருந்தது. தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1937இல் அவர் அறிக்கை வெளியிட்டார். ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக மீண்டும் வழங்க வேண்டும் என்றும், கங்காணிவழி ஆள் சேர்க்கும் முறை கூடாது என்றும் அதில் பரிந்துரைத்தார். எனினும், தோட்டத் தொழிலாளரின் துயரை அவ்வறிக்கை அழுத்தமாகக் கூறவில்லை என மலாயா இந்தியர் பலர் மனம் வருந்தினர். 1938இல் தோட்ட முதலாளிகள் மீண்டும் கூலியைக் குறைத்தனர். அதே ஆண்டு ஜூன் மாதம், உதவி பெற்று மலாயா செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு தடைசெய்தது.

சாஸ்திரியார் 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் மறைந்தார். அடுத்த ஆண்டு இந்தியா விடுதலை பெற்றது. எதிர்த்துப் போராடுவதைவிட எடுத்துரைத்து இணங்கவைப்பதையே அவர் தம் வழியாகக் கொண்டார். அவ்வழியின் வலிமையையும் எல்லையையும் அவரது வாழ்க்கை ஒருங்கே காட்டுகின்றது.