ஜெயிலுக்குப் போயும் ஐஸை விடாத மனுஷன்! மெட்ராஸுக்கு ஐஸ் வந்த கதை

ஹவாய் தீவுகளில் ஹலேய்வான்னு ஒரு சின்ன ஊர். 1951-ல் அங்கே மாட்சுமோட்டோ குடும்பம் தொடங்கின கடையில் இன்னிக்கும் ஐஸைப் பூ மாதிரி சீவி, கலர் கலரா சிரப் ஊத்தித் தர்றாங்க. ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. நம்ம வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நன்னாரி சர்பத் சொன்னா, கேட்காமலே ரெண்டு ஐஸ் கட்டி விழும். ஃப்ரிட்ஜும் ஐஸ் ஃபேக்டரியும் இல்லாத காலத்தில், வெயில் ஊர்களுக்கு இந்த ஐஸ் பழக்கத்தைக் கொண்டுபோக ஒருத்தர் பாதி வாழ்க்கையைக் கடனிலேயே கழிச்சார். அவர்தான் ஃபிரெடரிக் டூடர்.

1783-ல் அமெரிக்காவின் பாஸ்டனில், வசதியான வக்கீல் வீட்டில் பிறந்தவர். சகோதரர்கள் ஹார்வர்டுக்குப் போக, இவர் 13 வயசிலேயே படிப்பை விட்டுட்டார். குளிர்காலத்தில் ஏரியில் சும்மா உறைஞ்சு கிடக்கும் ஐஸை வெட்டி, வெயில் நாடுகளில் விற்கணும். இதுதான் பிளான். கேட்டவங்க சிரிச்சாங்க. உருகுற சரக்கை ஏற்ற எந்தக் கப்பலும் தயாராக இல்லை. அதனால சொந்தமாவே ஒரு கப்பல் வாங்கிட்டார்!

1806-ல் கரீபியன் தீவான மார்ட்டினிக்குக்கு சுமார் 130 டன் ஐஸ் போனது. அங்கே ஐஸைச் சேமிக்கக் கிடங்கு இல்லை. இந்த வெயிலில் ஐஸ்க்ரீம் உறையவே உறையாதுன்னு அடம்பிடிச்ச ஒரு கடைக்காரருக்கு டூடரே செய்து காட்ட, முதல் ராத்திரியே அவர் 300 டாலர் பார்த்தார். டூடருக்கோ சில ஆயிரம் டாலர் நஷ்டம். மிச்ச ஐஸ் தண்ணியாப் போச்சு. சில வருஷத்தில் கடனுக்காக ஜெயில், அதுவும் ஒரு தடவை இல்லை.

ஆனாலும் விடலை. வைக்கோல், உமி, மரத்தூள்னு மாத்தி மாத்திப் பரிசோதிச்சார். மரத்தூள் ஜெயிச்சது. மர மில்களில் வேண்டாம்னு ஒதுக்கின கழிவு அது. 1825 வாக்கில் நத்தேனியல் வைத் என்பவர், குதிரை இழுக்கும் ஐஸ் வெட்டும் கருவியைச் செய்து தந்தார். கட்டிகள் ஒரே அளவில் வந்ததால், நெருக்கி அடுக்க முடிந்தது. உருகுறதும் குறைஞ்சது. மதுக்கடைகளுக்கு முதலில் இலவசமாக ஐஸ் கொடுத்து, ஜில்லுனு குடிக்கும் பழக்கத்தை உண்டாக்கினார். இன்னிக்கு ஆப்களில் வரும் ஃப்ரீ ட்ரையல் டெக்னிக்தான்!

1833 மே மாதம் 'டஸ்கனி' கப்பல் 180 டன் ஐஸோடு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நிலநடுக்கோட்டை ரெண்டு தடவை தாண்டி, நாலு மாசம் கழிச்சு வந்து சேர்ந்தப்போ, சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. அதே சமயத்தில் காபி வியாபாரத்தில் இறங்கி 2 லட்சம் டாலருக்கு மேல் கடனாளி ஆகியிருந்தார் டூடர். தெரிஞ்ச தொழிலை விட்டுட்டு ஏன் அதைத் தொட்டாரோ! 50 வயசில்தான் கல்யாணம், அப்புறம் ஆறு குழந்தைகள். அந்தக் கடனை அடைக்கப் பதினஞ்சு வருஷம் பிடிச்சது. காப்பாத்தினது இந்தியாவில் விற்ற ஐஸ்தான்.

1842-ல் மெட்ராஸ் கடற்கரையில் அவருக்கான ஐஸ் கிடங்கு எழும்பியது. அப்போ அங்கே துறைமுகம் கிடையாது. தூரத்தில் நிற்கும் கப்பலிலிருந்து மசூலா படகுகளில்தான் சரக்கு கரையேறும். பாஸ்டன் ஐஸ் போய்ச் சேர்ந்தது வெள்ளைக்கார துரைகள், பணக்காரர்கள் கோப்பைகளில்தான். படகு வலிச்சவங்க நாக்கில் ஒரு துண்டாவது பட்டிருக்குமா என்ன?

1864-ல் டூடர் பெரும் பணக்காரராக, 80 வயசில் இறந்தார். கொஞ்ச காலத்திலேயே ஐஸ் செய்யும் மெஷின்கள் வந்து, கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது. கிடங்கு கைமாறி வீடாச்சு. 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இப்போ அது விவேகானந்தர் இல்லம். அந்த ஏரியாவுக்கு மட்டும் இன்னமும் ஐஸ் ஹவுஸ்னுதான் பேரு.