மணலில் இட்ட அஸ்திவாரம்

ரஞ்சன்குடிக் கோட்டையைக் கண்டோர், கட்டடத்தின் உறுதியெல்லாம் அடியிலுள்ள பாறையினால் வருவதென்று எண்ணுவர். பாறைமேல் மதில் எழுப்புவது ஒரு திறமை. ஆழங்காண இயலாத மணலின்மேல் கல்லை நிறுத்திப் பெருவெள்ளத்தைத் தடுப்பது அதனினும் அரிய திறமை. பின்னதற்குச் சான்று, தெற்கே அரியலூர்ச் சீமையின் எல்லையாய் ஓடும் கொள்ளிடத்திலேயே இருக்கின்றது. அச்சான்றோடு பிணைந்த பெயர் ஸர் ஆர்தர் காட்டன் என்பதாகும்.

1803ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்த காட்டன், 1821இல் சென்னைக்கு வந்து கம்பெனியாரின் இஞ்சினீயர் படையில் ஊழியம் புரிந்தார். காவிரியின் பொறுப்பு அவரிடம் வந்த காலத்தில், நதியின் நீர் தாழ்ந்து சரிந்த கொள்ளிடத்தில் பாய்ந்து கடலில் வீணாயிற்று. காவிரியில் மணல் மேடிட்டது. தஞ்சை வயல்கள் வாடின. விளைச்சல் குன்றினால் நிலவரியும் குன்றுமென்ற கவலை கம்பெனியாருக்கு இருந்தது. குடிகளுக்கோ அது உயிர்ப் பிரச்னை.

அவர் கற்ற மேனாட்டு நூல்கள் இங்கே போதவில்லை. அவருக்கு ஆசானாய் நின்றது, கரிகாலன் பெயரால் நாடு போற்றும் கல்லணை. பாறைகளை மணலிலே இட்டு, அவை அமிழ அமிழ மேலும் இட்டு, அசையாத நிலை எய்தியபின் மேற்கட்டு எழுப்பிய முறையை அவர் உணர்ந்தார். 1836இல் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் கொள்ளிடத்தின் குறுக்கே அணைகள் எழலாயின. மணலில் வரிசையாய்க் கிணறுகள் இறக்கி, அவற்றின்மேல் சுவரை நிறுத்தி, வெள்ளம் அடிமணலை அரிக்காதபடி கீழ்ப்புறம் கல் பரப்பினார்கள். 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேசுவரத்து அணையைக் கட்டியபோதும் இப்பாடமே துணை நின்றது.

1861இல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. ரயில் பாதையினும் கால்வாயே இந்தியாவுக்கு முதற்றேவை என்று வாதாடியமையால் சொந்த நாட்டாரின் கண்டனத்துக்கும் ஆளானார். 1899இல் காலமானார். கோதாவரிக் குடிகள் இன்றும் அவருக்குச் சிலை வைத்துப் போற்றுகின்றனர்.

ஆயினும் அவருடைய பெருமைகளுள் நாம் தலையாயதாகக் கருதுவது வேறு. மணலில் அஸ்திவாரம் இடும் வித்தையை இந்நாட்டுப் பண்டைச் சிற்பிகளிடமே கற்றதாகவும், அவர்களுக்குத் தம்மவர் பெரிதும் கடன்பட்டிருப்பதாகவும் அவர் 1874இல் எழுதி ஒப்புக்கொண்டார். ஆள்வோர் வாயிலிருந்து இத்தகைய ஒப்புதல் வருவது அரிது. ஆனால் அச்சிற்பிகளின் பெயரை எந்தக் கல்லும் நமக்குச் சொல்லவில்லை.

இன்று மாடமாளிகைகளைத் தாங்க மண்ணுள் தூண்களை இறக்கி, அவற்றின் தலைமேல் பாய்போல் கான்கிரீட் தளம் பரப்புகின்றனர். சுமையில் தூண் எவ்வளவு ஏற்கும், மண் எவ்வளவு ஏற்கும் என்பதை, அனைத்தையும் ஆயிரமாயிரம் சிறு கூறுகளாகப் பகுத்துக் கணிப்பொறி கணக்கிடுகின்றது. கருவி புதிது, மண்ணையும் சுமை தாங்கும் துணையாக்கிக்கொள்ளும் எண்ணம் பழையது.

2018 ஆகஸ்டு 22ஆம் தேதி முக்கொம்புக் கொள்ளிட அணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் சரிந்தன. முன்னோர் பெருமையைப் பேசினால் மட்டும் அணை நில்லாது. நீருக்கு அடியில் மறைந்து கிடப்பதை ஆண்டுதோறும் ஆராய்ந்து காப்பதே, பெயரறியாத அச்சிற்பிகளுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றிக்கடனாகும்.