சிறைக்குள்ளிருந்து வழக்குத் தொடுத்தவர்

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு வழக்கு என்றால் பாக்கிக் கணக்கும் வாடகைத் தகராறுமே நினைவுக்கு வரும். அடைபட்டுக் கிடந்த ஒரு கைதி, தம்மை அடைத்த சர்க்காரையே கோர்ட்டுக்கு அழைத்த வரலாறு இது.

காலஞ்சென்ற ஏ. கே. கோபாலன் அவர்கள் 1904-ல் கண்ணனூர்ப் பக்கம் பிறந்தார். பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் இறங்கிச் சிறை புகுந்தார். 1936-ல் ஏழைகளின் பட்டினியை எடுத்துச் சொல்ல, மலபாரிலிருந்து சென்னை வரை தொண்டர்களுடன் நடந்தே வந்தார். பின்னர் கம்யூனிஸ்டானார். 1941-ல் வேலூர்ச் சிறைச் சுவரைத் துளைத்துத் தப்பியதும் உண்டு. அவருடைய அரசியல் நமக்கு உடன்பாடா என்பது வேறு விஷயம்.

1947 டிசம்பரில் பிடிபட்டார். சாதாரணச் சட்டப்படி விதித்த தண்டனைகள் ரத்தாகியும் கதவு திறக்கவில்லை. 1950 மார்ச் 1-ந் தேதி, தடுப்புக் காவல் சட்டப்படி புதிய உத்தரவொன்றைச் சிறையிலேயே அவர் கையில் கொடுத்தார்கள். விசாரணை கிடையாது. காவலுக்குச் சொன்ன காரணங்களைக் கோர்ட்டில் வெளியிடுவதே குற்றம் என்றது அதன் 14-ஆம் பிரிவு. வாயைக் கட்டிவிட்டு வழக்காடச் சொல்வது போல! 1960 முதல் 2012 வரை நம் நாட்டில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சென்னை ராஜ்யத்தின் மீது அவர் சுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்தார். எம். கே. நம்பியார் வாதாடினார். மே 19-ல் ஆறு நீதிபதிகளும் 14-ஆம் பிரிவு செல்லாது என்றனர். ஆனால் மற்றச் சட்டம் செல்லுமென நால்வர் கூறியதால் மனு தள்ளுபடியாயிற்று. மாறுபட்ட இருவரில் ஒருவர் மஹாஜன். மற்றவர் ஜனாப் ஸையத் ஃபஸ்ல் அலீ அவர்கள். ஒருவனுடைய சுதந்திரத்தைப் பறிக்குமுன் அவனுக்குக் காரணம் தெரிவித்து, நடுநிலையான மன்றம் அவன் சொல்லையும் கேட்க வேண்டும் என்பது அன்னாரின் கருத்து. அன்று அது சிறுபான்மைத் தீர்ப்பே.

கோபாலன் 1951-ல் சென்னை ஹைகோர்ட்டின் உத்தரவால் வெளிவந்து, 1952-ல் பார்லிமெண்டுக்குத் தேர்வானார். 1970-ல் பாங்குகள் தேசியமய வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்ந்து, பழைய தீர்ப்பின் அடிப்படையைத் தவறென்று ஒதுக்கினார்கள். 1959-ல் மறைந்த ஃபஸ்ல் அலீ அவர்கள் அதைக் காணவில்லை. கோபாலன் அப்போதும் பார்லிமெண்டு அங்கத்தினராக இருந்தார்; 1977 மார்ச் 22-ல் காலமானார்.